பதின்மூன்று புள்ளி ஒன்று

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் சார். பத்தரைக்கு மேல் அங்கே வெயில் இறங்கிவிடும். இங்கிருந்து பார்த்தால் முடிவுக்கோடும் நேராகத் தெரியும். முப்பத்து நான்காம் நம்பர் குத்தியிருக்கிறதே, அதுதானே உங்கள் பெண்? பெயர் என்ன, கனிஷ்காவா? ஏழாவதா? ஏழாவதுக்கு நல்ல உயரம். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் அவள் தோளுக்குத்தான் வருகிறார்கள். ஜெயித்துவிடுவாள். நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்கு முதல் தடவையாக வருகிறீர்களா? நான் எல்லா வருடமும் வருவேன். தேர்வுக்கு மட்டும் இல்லை, நாமக்கல்லில் இந்த மைதானத்தில் ஒரு ஓட்டப் பந்தயம் நடந்தால் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஓடுகிற பிள்ளை என் வீட்டில் இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் வருவேன். இதோ, கையில் ஸ்டாப்வாட்ச். இது மூன்றாவது.

முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு மாதிரி ஒன்று இருக்கிறதே, ஆறு பேர் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான் நேரம் எடுப்பவர்கள். மேலிருந்து மூன்றாம் படியில் நீலத் தொப்பி போட்ட பெண் தெரிகிறதா? அவள் என் மகள். தாரணி.

கூப்பிட வேண்டாம். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பதினொரு மாதம் ஆகிறது. பேசிக்கொள்வதில்லை என்றால், அவள் பேசுவதில்லை. நான் பேசுவேன். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசிவிடுவாள் என்று நினைத்துத்தான் வந்தேன். போன தடவையும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். அது கிடக்கட்டும். நீங்கள் என்னவோ கேட்டீர்களே.

ஆமாம். கனிஷ்காவை ஓட்டத்திலேயே விட்டுவிடலாமா, படிப்புப் பக்கம் திருப்பலாமா, எப்படித் தெரிந்துகொள்வது என்று. சரியான ஆளிடம் கேட்டீர்கள். எனக்குத் தொழிலே அளப்பதுதான். பரமத்தி ரோட்டில் லாரிகளுக்கு எடை போடுகிற மேடை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே நான்தான். மக்காச்சோளம், மரவள்ளி, முட்டை, எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகும். ஒருத்தன் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துவான். இன்னொருத்தன் கிளீனரை மூட்டைக்குள்ளே படுக்க வைப்பான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

"செங்கோடண்ணா, அறுபது கிலோதானுங்க, உட்ருங்க" என்பான்.

"அந்த அறுபது கிலோவுக்குத் தும்மல் வருதுடா, கீழ எறக்கு" என்பேன்.

அதனால் சொல்கிறேன் சார். அடுத்தவன் சொல்கிற அளவை நம்பாதீர்கள். மிஷின் சொல்வதையும் நம்பாதீர்கள், மிஷினைத் திருப்பி வைத்தவனும் ஒரு மனிதன்தான். உங்கள் பிள்ளையை நீங்களே அளங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

தாரணி ஆறாம் வகுப்பில் முதல் பந்தயம் ஓடினாள். பள்ளி விளையாட்டு விழா. அவள் கயிற்றைத் தொட்டபோது இரண்டாவதாக வந்த பிள்ளை பாதி மைதானத்தில் இருந்தது. பாதி என்றால் பாதி இல்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. அப்போதே ஐந்தடி இரண்டங்குலம். இப்போதும் அதே ஐந்தடி இரண்டுதான், அது வேறு விஷயம். அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் இந்த மாவட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. வீட்டில் அலமாரி வாங்கினோம், மெடலுக்கு என்று தனியாக.

அந்தப் பள்ளியில் அமலோற்பவம் என்று ஒரு பி.டி. டீச்சர். அதோ, படிக்கட்டுக்குக் கீழே விசிலோடு நிற்கிறாரே, அவர்தான். இன்னும் ஓய்வு பெறவில்லை. தாரணி எட்டாவது படிக்கும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளின் உயரமும் நேரமும் அதில் வருடம் வருடமாக எழுதியிருந்தது.

"செங்கோடன், தாரணி சீக்கிரம் வளந்துட்டா. மத்த புள்ளைங்க இனிமேத்தான் வளரும். அதனால யாரை ஜெயிச்சான்னு பாக்காதீங்க. போன வருசத் தாரணிய இந்த வருசத் தாரணி ஜெயிச்சாளா, அத மட்டும் பாருங்க."

"ஏனுங் டீச்சர், மொத ஆளா வர்ற புள்ளைய வச்சுக்கிட்டு இதென்னங்க பேச்சு?"

"நூறு மீட்டருக்குப் போன வருசம் பதின்மூணு புள்ளி நாலு செகண்டு. இந்த வருசமும் பதின்மூணு புள்ளி நாலு. அதான் பேச்சு. ஓடட்டும், நல்லா ஓடட்டும், நான் ஓட விடறேன். ஆனா இதுதான் அவ வாழ்க்கைன்னு இப்பவே எழுதிடாதீங்க. அவளுக்குக் கணக்கு நல்லா வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு நன்றாக வருகிறதாம். கணக்கு யாருக்குத்தான் வராது?

அதே நோட்டில் அபிராமி என்று ஒரு குள்ளப் பிள்ளையின் பெயரைக் காட்டினார். நாலாவதாக வருவாள், ஐந்தாவதாக வருவாள். "இவளப் பாருங்க, ஒவ்வொரு வருசமும் அரை செகண்டு கொறையுது" என்றார். என்னத்தைப் பார்ப்பது? என் மகளுக்கு ஏழடி பின்னால் வருகிற பிள்ளையை. மூன்று வருடம் கழித்து அந்த அபிராமி தாரணியை முந்திவிட்டாள். என்ன கொடுத்து வளர்த்தார்களோ தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன், ராகிக் களி என்கிறார்கள். நாங்களும் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

நேரக் கணக்குக்கு வருகிறேன். டீச்சர் பதின்மூன்று புள்ளி நாலு என்றார் இல்லையா? அன்றைக்கே சேலத்துக்குப் போய் முதல் கடிகாரத்தை வாங்கினேன். மறுநாள் மைதானத்தில் முடிவுக்கோட்டுக்கு நேராக நின்றேன். அந்தக் கோடியில் ஓடச் சொல்லிக் கட்டையைத் தட்டினார்கள். 'டப்' என்று காதில் விழுந்த கணமே அமுக்கினேன். கோட்டை அவள் நெஞ்சு தொட்டதும் அமுக்கினேன். எவ்வளவு தெரியுமா? பதின்மூன்று புள்ளி ஒன்று.

ஒரு நாள் இல்லை சார். எத்தனை நாள் எடுத்தாலும் அவர்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் மூன்று புள்ளி வித்தியாசம். எப்போதும் மூன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை தவறினால் ஒரு நாள் இரண்டு வரும், ஒரு நாள் ஐந்து வரும். எப்போதும் மூன்று என்றால் என்ன அர்த்தம்? யாரோ திட்டம் போட்டுக் கூட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? எடை மேடையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு இது கூடவா தெரியாது?

மனு கொடுத்தேன். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நாலு மனு. அவர்களுக்கும் தொல்லை தாங்கவில்லை போலிருக்கிறது. ஒரு போட்டியன்று, "வந்து எங்க கூடவே உக்காந்து எடுத்துப் பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதே படிக்கட்டு. இரண்டாம் படியில் நான், மூன்றாம் படியில் அமலோற்பவம் டீச்சர்.

"சத்தத்தைக் கேட்டு அமுக்காதீங்க. துப்பாக்கியில பொகை வரும், அதப் பாத்து அமுக்குங்க" என்றார்.

"ரெண்டும் ஒண்ணா வர்றதுதானுங்க?"

"இல்ல. மின்னல் மொதல்ல தெரியுது, இடி அப்புறம் கேக்குதில்ல? நூறு மீட்டர் தாண்டிச் சத்தம் வர மூணு புள்ளி ஆகும். அந்த மூணு புள்ளிக்குள்ள புள்ள ரெண்டடி ஓடியிருப்பா. நீங்க அந்த ரெண்டடிய எண்ணாம விட்டுடறீங்க."

இடி எங்கே இருக்கிறது, வானத்தில். இங்கே நூறு மீட்டர். எங்கள் தெருவின் நீளம் கூட இல்லை. வீட்டு வாசலில் நின்று நான் கூப்பிட்டால் தெருமுனையில் தாரணி உடனே திரும்புவாள். சத்தம் எங்கே நின்று டீ குடித்துவிட்டா வருகிறது? ஆனாலும் சொல்கிறாரே என்று அன்றைக்கு ஒரு தடவை புகையைப் பார்த்து அமுக்கினேன்.

பதின்மூன்று புள்ளி நாலு.

டீச்சர் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர் குடித்துக்கொண்டு தாரணி நின்றாள். அவளும் பார்த்தாள்.

கடிகாரத்தில் பாட்டரி வீக்காக இருந்திருக்கிறது. மறுநாளே இரண்டாவது கடிகாரம் வாங்கினேன். வழக்கம்போல நின்று, வழக்கம்போல அமுக்கினேன். பதின்மூன்று புள்ளி ஒன்று. பார்த்தீர்களா?

என்ன யோசிக்கிறீர்கள்? உங்கள் பெண் ஓட இன்னும் நேரம் இருக்கிறது. பையன்கள் முடித்துவிட்டுத்தான் பெண்கள்.

அப்புறம் சென்னையில் மாநிலப் போட்டி. அங்கே கடிகாரம் இல்லை, மிஷின். கேமரா வைத்து எடுக்கிறது. அது பதின்மூன்று புள்ளி ஆறு என்று காட்டியது. ஆறு! கடைசிக்கு முந்தின இடம். நான் முன்னமே சொன்னேனே, மிஷினைத் திருப்பி வைத்தவனும் மனிதன்தான். ஆனால் தொடர் ஓட்டத்தில் நாலு பேரில் ஒருத்தியாக ஓடி மூன்றாம் இடம் வந்தாள். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் அமலோற்பவம் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். தாரணி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. கணிதம், இடம் பேசி வைத்திருக்கிறேன் என்றார்.

"இவ்வளவு தூரம் ஓடுனதுக்கு இது கெடச்சிருக்கு செங்கோடன். சின்ன விஷயம் இல்ல. எத்தனையோ புள்ளைங்க ஓடி, இதுகூடக் கெடைக்காம நின்னுடுது. எடுத்துக்குங்க."

என் வீட்டுக்காரி ஈஸ்வரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ஏனுங்க, டீச்சர் சொல்றது நல்லாத்தானே இருக்குது?" என்றாள். தாரணி கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவுக்குக் கீழே அவள் கால் தெரிந்தது.

நான் சொன்னேன்: "டீச்சர், இந்தியாவுக்கு ஓடற புள்ளைய ஈரோட்டுக்கு பஸ் ஏறச் சொல்றீங்களே?"

நல்ல பதில்தானே? அவர் காபியைக் குடிக்காமலே போய்விட்டார். கதவுக்குக் கீழே பார்த்தேன், கால் இல்லை. உள்ளே போய்விட்டிருக்கிறாள். அவளுக்கும் அந்த ஈரோட்டில் இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டேன். இஷ்டமிருந்தால் வாய் திறந்து கேட்டிருப்பாளே? அவள் அப்படி ஒன்றும் பயந்த பிள்ளை இல்லை. என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது வேறு.

சேலத்தில் தனியார் பயிற்சிக்குச் சேர்த்தேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். இரண்டு வருடம். தினமும் நான் போய்விட முடியாது, மேடையை யார் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை போவேன். கடிகாரத்தோடு போவேன். பதின்மூன்று புள்ளி ஒன்று. ஒரு தடவை பதின்மூன்றே வந்தது. அன்றைக்கு ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு பேரும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

"எவ்வளவுங்ப்பா?" என்று கேட்டாள்.

"பதின்மூணு கண்ணு. மொத தடவையா."

"டீச்சர் எடுத்திருந்தா?"

"டீச்சரை வுடு. சாப்பிடு."

சாப்பிட்டாள். பாதியை வைத்துவிட்டாள். எடை கூடக் கூடாது என்று பார்த்தாள் போலிருக்கிறது. அந்த அளவுக்குக் கவனமான பிள்ளை.

அதற்கப்புறம்தான் கால். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்றாள். யாருக்குத்தான் வலி இல்லை? ஐஸ் வைத்தோம், பாண்டேஜ் சுற்றினோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் மயிரிழை போல விரிசல் இருக்கிறது, ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். ஆறு வாரம் சார். திருவண்ணாமலையில் போட்டிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. டாக்டருக்கு என்ன, கேட்டு வாங்கினால் ஆறு மாதம் கூட ஓய்வு எழுதுவார். பன்னிரண்டு நாள் முழு ஓய்வு கொடுத்தேன். கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. பன்னிரண்டு நாள் என்பது குறைச்சலா, நீங்களே சொல்லுங்கள்.

போட்டியன்று ஷூ கட்டும்போது, "வலிக்குதுங்ப்பா" என்றாள்.

"சூடேறுனாப் போயிரும் சாமி" என்றேன்.

எழுந்து போனாள். பார்த்தீர்களா, முடியாது என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்றுதான் சொன்னாள்.

அறுபது மீட்டர் வரை முன்னால்தான் இருந்தாள். நான் முடிவுக்கோட்டுக்கு நேராக நின்று அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், அமுக்கக் கை தயாராக. நெஞ்சு கீழே போய்விட்டது. மற்ற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இவள் பாதையிலேயே உட்கார்ந்து காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தூக்கி ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், படம் எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், கடிகாரத்தை நிறுத்தவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழு நிமிடம் சில்லறை. நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் கோட்டைத் தொடவில்லையே. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எலும்பு முழுசாக விட்டுப்போயிருந்தது. கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் கட்டிலில் இருந்தாள். அப்போதெல்லாம் பேசினாள், நன்றாகத்தான் பேசினாள். தண்ணி கொடுங்க, ஜன்னலைச் சாத்துங்க, அந்த மாதிரி. நடக்க ஆரம்பித்த முதல் வாரம், நான் மேடையில் இருந்து வருவதற்குள் ராசிபுரத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அலமாரியைப் பார்த்தேன். ஒரு மெடல் கூடக் குறையவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் சீட் இரண்டும் இல்லை.

இப்போது அங்கே ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள். அஞ்சல் வழியில் ஏதோ படிக்கிறாளாம். ஈஸ்வரி ஞாயிற்றுக்கிழமை குழம்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "என்ன சொன்னா?" என்று கேட்டால், "அவளுக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க" என்பாள். போட்டி நடக்கிற நாளில் மட்டும் அமலோற்பவம் டீச்சர் கூப்பிட்டால் இங்கே வந்து கடிகாரம் பிடிக்கிறாள். டீச்சர் அவளை என்னிடமிருந்து பிரித்துவிட்டார். வேறு என்ன சொல்வது?

உங்கள் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து நில்லுங்கள், நின்றால்தான் தெரியும். நாலாவது பாதை. பார்த்தீர்களா, வரிசையில் அவள் தலைதான் மேலே. பேசாதீர்கள், நான் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

டப்.

ஓடு கண்ணு! கையை வீசு, கையை வீசு! பார்த்தீர்களா, பார்த்தீர்களா! முதலாவது. நான் சொன்னேனா இல்லையா! பதினான்கு புள்ளி ஒன்று. இந்த வயதுக்குப் பதினான்கு புள்ளி ஒன்று என்றால், சார், கையைக் கொடுங்கள். விடுதியில் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள். இனி எந்த டாக்டர், எந்த டீச்சர் வந்து எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் கீழே போய் அவர்கள் எழுதிய நேரத்தைக் கேட்பீர்கள் இல்லையா? நாலாவது பாதைக்குத் தாரணிதான் கடிகாரம் பிடித்தாள். அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்கள். கால் வலி குறைந்திருக்கிறதா என்று. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நீங்களாகக் கேட்பது போலக் கேளுங்கள். நடக்கும்போது கொஞ்சம் சாய்கிறாள், அதைப் பார்த்துக் கேட்பது போல. உங்களுக்கும் பெண் பிள்ளை இருக்கிறது, தப்பாக நினைக்கமாட்டாள். போய் வாருங்கள். உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாருங்கள், வாருங்கள். என்ன சொன்னாள்?

பதினான்கு புள்ளி நாலா? அது அவர்கள் வழக்கம், விடுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

கேட்டீர்களா? ஆங். யார் கேட்டது என்று கேட்டாளா? கேட்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளா? அதுவும் இல்லையா. சரி. சிரித்தாளா? உங்கள் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாளா. நன்றாக ஓடினாய் என்றாளா. எத்தனாவது படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டாளா. நல்லது. பேசுகிறாளே, அதுவே நல்லது. காலைப் பற்றி என்ன சொன்னாள்?

மழைக்காலத்தில் மட்டும் வலிக்கும் என்றாளா?

மழைக்காலத்தில் மட்டும். அப்படியேதான் சொன்னாளா? நீங்களாக எதையும் சேர்க்கவில்லையே?

மழைக்காலம் என்றால் என்ன சார், ஐப்பசி, கார்த்திகை. நம் ஊரில் அதுவும் பாதி நாள் பெய்யாது. அந்த இரண்டு மாதத்தைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் பத்து மாதம் இருக்கிறது. ஒரு வருடத்துப் போட்டிகளுக்கு நாலு மாதம் ஓடினால் போதும், பத்து மாதம் இருக்கிறது!

இருங்கள், பையைக் கொஞ்சம் கீழே வையுங்கள், எங்கே அவசரமாகக் கிளம்புகிறீர்கள்? இன்னொரு தடவை அவளிடம் போய் வரமுடியுமா? இருபது வயதுதான் சார் ஆகிறது அவளுக்கு.